ஐஸ் இல்லாத ஊரில் ஒரு மேடு

நில ஆய்வு இலாகாவில் எனக்கு ‘ஐஸ் மலை மாணிக்கம்’ என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அழைக்காதவரும் இல்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், அதுவும் லாபு பக்கத்துப் பால்மரக் காட்டுக்குள், பனிப்பாறை செய்த குன்று ஒன்றை நானும் என் துரையும் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரோ கிளப்பிவிட்ட கதை அது. நான் ஓய்வு பெற்றபோது கொடுத்த விருந்தில்கூட ஒருவர் சீவிய ஐஸைக் குவித்த ஐஸ் கச்சாங் கிண்ணத்தை என் முன்னால் தள்ளி, “இந்தாங்க, உங்க மலை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சென்ற மாதம் இலாகாவிலிருந்து கவிதா என்ற இளம் அதிகாரி வீட்டுக்கு வந்தாள். இப்போதெல்லாம் விமானத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி, மரம் செடி கூரை எல்லாவற்றையும் உரித்துவிட்டு வெறும் நிலத்தைப் படமாக்கிவிடுகிறார்களாம். நாங்கள் முட்டிக்கால் தேய நடந்து வரைந்ததை அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நல்லதுதான், பொறாமையாகவும் இருக்கிறது. அவள் மடிக்கணினியைத் திறந்து ஒரு பள்ளத்தாக்கைக் காட்டினாள்.

“அங்கிள், இதப் பாருங்க லா. அப்படியே டிரம்லின் மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல எப்படி வரும்? அந்த ஐஸ் மலைன்னு சொல்வாங்களே, அது இதுதானா?”

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மலைப்பக்கம் தடித்து, ஓடைப்பக்கம் மெலிந்து, முதுகு வழுவழுவென்று நீண்டு கிடக்கும் அந்த மேட்டை நான் எந்தப் படத்திலும் அடையாளம் காண்பேன். வாயால் சொல்லி முடியாது என்று தோன்றியது. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் பிறந்தது கெமாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அதன் பிறகு என்னை வளர்த்தது அக்கா அஞ்சலைதான். அவள் ரப்பர் மரம் சீவப் போனாள், சண்டை முடிந்ததும் என்னை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நில ஆய்வு இலாகாவில் களப் பணியாளாகச் சேர்ந்தேன். காம்பஸ் பிடிப்பது, சங்கிலி இழுப்பது, கல்லுக்குப் பெயர் சொல்வது எல்லாம் அடியும் திட்டுமாக வந்து சேர்ந்தன. சிரம்பானில் ரஹாங் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகி, லாபு பக்கம் எட்டாங்கட்டைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். தோட்டத்தின் நிஜப் பெயர் வேண்டாம், மைல்கல்லை வைத்து நாங்கள் சொன்ன பெயர் போதும்.

என் மேலதிகாரி மெக்கன் துரை. அயர்லாந்தின் வட பகுதிக்காரர். ஒல்லி, உயரம், வெயில் பட்டால் இறால் நிறத்துக்கு வந்துவிடும் தோல். சத்தம் போடமாட்டார். ஆனால் அவர் ஒரு மண்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது வெளிச்சத்தை மறைத்து நின்றால் போச்சு. திரும்பிக்கூடப் பார்க்காமல், “உன் நிழலை எடு” என்பார். மலாய்க்காரர் உசேன் எங்களோடு குழி தோண்டுகிறவர், என்னைவிட மூத்தவர். அவருக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான். வீட்டில் பிள்ளைகளிடமும் அதையே சொல்வதாகச் சொல்லிச் சிரிப்பார்.

கெமாஸில் ரயில் பாதைக்காக வெட்டிய மண்சுவர்களைப் பார்க்கப் போனபோதுதான் துரை முதன்முதலாகத் தன் ஊர்க் குன்றுகளைப் பற்றிச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவித்த முட்டை. அவர் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்க, தட்டில் கவிழ்த்து வைத்தார். பிறகு என் முட்டையையும் வாங்கி அறுத்து அதே திசையில் வைத்தார்.

“எங்கள் நாடு இப்படித்தான் இருக்கும். நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. டிரம்லின் என்று பெயர்” என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

ஒரு காலத்தில் அந்த நாட்டை மலையளவு கனமுள்ள பனிப்பாறை மூடியிருந்ததாம். அது சும்மா கிடக்கவில்லை, மெல்ல மெல்ல நகர்ந்தது. அடியில் ஈரக் களிமண்ணும் கல்லும் மாட்டிக்கொண்டு கூடவே இழுபட்டன. சில இடங்களில் பனி அந்தக் களிமண்ணைப் பூசிப் பூசி மேடாக்கியது என்கிறார்கள் சிலர். முன்பே கிடந்த மண்ணைத்தான் அது வழித்துச் செதுக்கியது என்கிறார்கள் வேறு சிலர். துரைக்கே அதில் முடிவான பேச்சு கிடையாது. எப்படியானாலும் பனி வந்த பக்கம் தடித்த முனை, போன பக்கம் வால். உள்ளே புதைந்த நீளக் கற்கள்கூட, ஆற்றில் போகும் மரக்கட்டைகள் திரும்பிக்கொள்வது போல, பனி போன திசைக்கே திரும்பிக் கிடக்குமாம்.

எனக்குத் தெரிந்த ஐஸ், பாசாரில் மீன்கடை வாசலில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கும் ஐஸ். அது நாடு முழுக்க மூடி நகர்ந்தது என்றால் எப்படி நம்புவது? உசேனுக்கு மலாயில் எடுத்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “துவானுக்கு வெயில் ஏறிருச்சு” என்றார், துரையைத்தான். துரை மட்டும் முட்டையைத் தின்னாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் அப்பாவின் வீடு அப்படி ஒரு மேட்டில்தான் இருக்கிறது, பள்ளமெல்லாம் சதுப்பு, வீடு என்றாலே அங்கே மேட்டில்தான் என்றார். ஊர் ஞாபகம் அவரை அப்போது நன்றாகப் பிடித்திருந்தது.

அவர் கற்றுக்கொடுத்த முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். களிமண்ணும் கல்லும் கலந்த நிலத்தில் ஆள் இறங்கி நிற்கும்படி குழி தோண்ட வேண்டும். ஒரு சுவரை மட்டும் தொடக்கூடாது. பிறகு கொத்துக்கரண்டியால் அந்தச் சுவரை மேலிருந்து கீழாக வழிக்க வேண்டும். கீழிருந்து மேலே வழித்தால் அடிமண் மேலே ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். அகலத்தைவிட இரண்டு மடங்காவது நீளமுள்ள கற்களாகப் பார்த்து, பாதி மட்டும் வெளியே தெரியும்படி சுரண்டி, அசைக்காமல் விட வேண்டும். கல்லின் நீளத்தோடு ஒரு மூங்கில் குச்சியை வைத்து, குச்சியின் மேல் காம்பஸைப் பிடித்து, திசையை உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவான். மண்வெட்டி, கத்தி, பெல்ட்டின் இரும்புக் கொக்கி எல்லாவற்றையும் முன்கூட்டியே தூரத்தில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முள் இரும்புப் பக்கம் இழுக்கும்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்ததும் இதில் ஒரு சிக்கல் முளைத்தது. காட்டோரம் போகும் எங்களுக்குத் துப்பாக்கிக் காவல் கொடுத்தார்கள். அந்தப் போலீஸ்காரருக்கு, எங்களை விட்டுக் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் விலகக்கூடாது என்று உத்தரவு. அவர் குழி விளிம்பில் வந்து நின்றால் காம்பஸ் முள் ஆடும். துரை அவரைத் தள்ளி நிற்கச் சொல்வார், அவர் உத்தரவைச் சொல்வார். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. திசை எடுக்கும்போது மட்டும் அவர் துப்பாக்கியோடு அந்தப் பக்கத்து மரம்வரை போய் நிற்பார், எடுத்து முடிந்ததும் ஓடி வருவார். நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக அந்த மனிதர் இளைத்தே போனார்.

அப்போது தோட்டங்களில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளையெல்லாம் பிரித்து, எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் குடியேற்றி, சுற்றிலும் முள்கம்பி போடச் சொல்லி அரசாங்க உத்தரவு. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. வேலைக்குப் போகிறவர்களின் மடியைக்கூட வாசலில் தடவிப் பார்த்தார்கள். எட்டாங்கட்டைத் தோட்டத்தில் எந்த இடத்தில் குடியேற்றலாம், நிலம் தாங்குமா, தண்ணீர் வடியுமா என்று பார்த்துச் சொல்ல எங்களை அனுப்பினார்கள். என் அக்கா, மாமா வேலாயுதம், அவர்கள் பிள்ளைகள் நான்கு பேர், எல்லோரும் இடம் மாற வேண்டியவர்களில் அடக்கம்.

இரண்டு இடம் இருந்தது. ஒன்று, பழைய நாற்றங்கால் இருந்த பள்ளம். ஓடையை ஒட்டியது, காடும் பக்கம். மற்றது, மலையடிவாரத்தில் லாலான் புல்லும் புதரும் மண்டிக் கிடந்த நீண்ட மேடு. காற்று வரும், தண்ணீர் தேங்காது, நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும். தோட்டத்து மேனேஜருக்கு மேடு பிடித்திருந்தது, போலீஸ் அதிகாரிக்கும் பிடித்திருந்தது. ஜனங்களுக்கு இன்னும் பிடித்திருந்தது.

“தம்பி, மேட்டுலேயே குடுக்கச் சொல்லுடா ஒங்க தொரைகிட்ட” என்றாள் அக்கா. அவளுடைய கடைக்குட்டி செல்வி அவள் இடுப்பில் உட்கார்ந்து என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “இங்க பாரு, கொசுக்கடி. மாசம் ஒரு புள்ளைக்குக் காய்ச்சல். அங்கன்னா காத்து வரும்.”

“நான் சொல்லி என்னாக்கா. அவரு பாத்துச் சொல்லுவாரு.”

“நீ சொல்லிப் பாரேன். இத்தன வருசம் கூட இருக்கியே.”

சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. துரை அந்த மேட்டைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இறங்கி, தொப்பியைக் கழற்றி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு புல்லை விலக்கிக்கொண்டு தடித்த முனையில் ஏறி, வால் முனை வரை அதன் முதுகிலேயே நடந்தார், மறுபடி திரும்பி நடந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“மாணிக்கம், முட்டை ஞாபகமிருக்கிறதா?” என்றார். “இங்கே பனிப்பாறை இருந்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார். என் அப்பா வீட்டு வாசலில் நிற்கிற மாதிரியே இருக்கிறது.”

அன்று சாயங்காலமே மேனேஜரிடம், “மேடு நல்ல இடம். உலர்ந்த நிலம். நாளை கக்கூஸ் குழிகளுக்காக ஒரு தோண்டல் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டார். மேனேஜர் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை நாங்கள் போனபோது வேலிக் கட்டைகள் வந்து இறங்கியிருந்தன, ஒரு பக்கம் நட்டும் இருந்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் எந்த மூலையில் யார் வீடு என்று பேசிக்கொண்டு போனார்கள்.

மேட்டின் நடுவில் குழி தோண்டினோம். உசேன் வெட்ட, நான் மண்ணை அள்ளிப்போட, துரை சுவரை வழித்தார். மேலே சிவப்புக் களிமண், அதில் சின்னதும் பெரியதுமாகக் கற்கள். போலீஸ்காரர் தன் மரத்துக்குப் போய்விட்டார். துரை திசை சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். கல்லுக்குக் கல் ஒரே பக்கம். எல்லாம் மலையிலிருந்து ஓடையைப் பார்த்து. “பார்த்தாயா, பார்த்தாயா” என்று அவர் சின்னப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பேச்சு குறைந்தது. ஒரு கல்லை எடுத்துத் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனியில் இழுபட்ட கல்லுக்கு முகம் தேய்ந்து தட்டையாகியிருக்குமாம், அதில் கீறல் இருக்குமாம். இதில் ஒன்றுமில்லை. மலைமேல் கிடக்கிற கருங்கல் உருண்டைகள் போலவே, தோல் மட்டும் உளுத்து உதிர்ந்தது. கீழே போட்டுவிட்டு, “இன்னும் வெட்டு” என்றார்.

ஆள் உயரத்துக்கும் கீழே மண் நிறம் மாறியது. கறுப்பு மண், இலை மக்கிய மண், வேர்கள். ஒரு மரம் படுத்த வாக்கில் கிடந்தது. துரை குழிக்குள் மண்டியிட்டு அதன் பக்கத்தில் விரலால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொத்துக்கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். பால் மங்கு. மரத்தில் கம்பி கட்டி, பால் வடிய மாட்டுவோமே, அந்தப் பீங்கான் கிண்ணம். கம்பிகூட அப்படியே இருந்தது. மேற்பூச்சு ஓர் இடத்திலும் போகவில்லை.

தோட்டத்தில் பிறந்த நான் குனிந்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் மரம் இந்த நாட்டுக்கு வந்து எத்தனை காலமாகிறது? மங்கு மாட்டிய மரம் என்றால் யாரோ நேற்றுவரை சீவிய மரம். அதன்மேல் இவ்வளவு மண்ணும் கல்லும் வந்து உட்கார்ந்திருக்கிறது. துரை கிண்ணத்தை விளிம்பில் வைத்துவிட்டு மேலும் வெட்டச் சொன்னார். அந்தக் கறுப்பு மண்ணுக்குக் கீழே மறுபடி சிவப்புக் களிமண்ணும் கல்லும், அதற்கும் கீழே மறுபடி ஒரு கறுப்பு மண். மலையிலிருந்து சரிந்த மண் அது, ஒருமுறை மட்டும் வந்ததல்ல.

தோட்டத்தில் ஒருவருக்குமா தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா லயம் லயமாகப் போய் விசாரித்தாள். இப்போது இருப்பவர்கள் எல்லோரும் சண்டை முடிந்தபின் வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், மேனேஜர் உட்பட. முன்பு இந்த மலையடிவாரத்தில் மரம் சீவியவர்களை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அவர்களில் இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர் ஒருவருமில்லை. ஆளில்லாத அந்த வருஷங்களில் ஏதோ ஒரு மழையில் மலை இறங்கியிருக்கிறது, அதன்மேல் லாலான் முளைத்திருக்கிறது. மலை வந்ததைப் பார்க்க ஆள் இல்லை, பார்த்திருக்க வேண்டியவர்களைப் பற்றிச் சொல்லவும் ஆள் இல்லை. அந்தக் கிண்ணத்தை மாட்டியவர் யார் என்று நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

அன்றே மலைமேல் ஏறினோம். பாதிக்கு மேல், பெரணி மூடிக் கிடந்த ஒரு வெட்டு வாய். மண் பிய்ந்துபோன இடம். அதன் அடியில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. வாய்க்கு மேலே, மரங்களுக்கு நடுவில், காலை விட்டால் முழங்கால்வரை இறங்கும் விரிசல். அதற்கு மேலே வீட்டளவு கருங்கல் உருண்டைகள் களிமண்ணில் பாதி புதைந்து நின்றன. துரை அங்கே உட்கார்ந்துவிட்டார். கீழே மேடு தெரிந்தது, வேலிக் கட்டைகள் தீக்குச்சி மாதிரி தெரிந்தன.

“எங்கள் ஊர் மேட்டைச் செய்த பனி போய்விட்டது மாணிக்கம்” என்றார். “என் அப்பா நிம்மதியாகத் தூங்கலாம். இந்த மேட்டைச் செய்தது இன்னும் இங்கேயே இருக்கிறது. நாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.”

மேனேஜர் பங்களாவில் போலீஸ் அதிகாரியும் இருந்தார். என்னையும் உசேனையும் துரை கூடவே கூப்பிட்டுக்கொண்டு போனார், படிக்கட்டில் நிறுத்தவில்லை. மேட்டில் ஒரு வீடும் கட்டக்கூடாது என்றார்.

“நேற்றுதானே நல்ல இடம் என்று சொன்னீர்கள்?” என்றார் மேனேஜர்.

“நேற்று நான் என் ஊரைப் பார்த்தேன். இன்றைக்குத்தான் உங்கள் ஊரைப் பார்த்தேன். நேற்றுச் சொன்னது தப்பு.”

அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர், தமிழனும் மலாய்க்காரரும் கேட்டுக்கொண்டு நிற்க, நான் சொன்னது தப்பு என்று சொல்வதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மேனேஜரின் முகம் சிவந்தது. போலீஸ் அதிகாரி மட்டும் நிதானமாக, “சரி, அந்த மலை எப்போது விழும்?” என்று கேட்டார்.

“தெரியாது. இந்த மழைக்கு விழலாம். என் ஆயுளில் விழாமலும் போகலாம்.”

“பள்ளத்தை ஒட்டிக் காடு இருக்கிறது. அங்கிருந்து சுடுவார்கள். அது எனக்குத் தெரியும். உமக்குத் தெரியாத ஒன்றுக்காக எனக்குத் தெரிந்த ஆபத்தில் ஜனங்களை வைக்கச் சொல்கிறீரா?”

நியாயமான கேள்வி. துரை அதைக் கேலி செய்யவில்லை. காட்டைத் துப்பாக்கி எட்டாத தூரத்துக்கு வெட்டித் தள்ளலாம், பள்ளத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கலாம், மலையை ஒன்றும் செய்ய முடியாது என்றார். வாக்குவாதம் நீண்டது. ஒரு கட்டத்தில் மேனேஜர், வேறு நிபுணரைக் கூப்பிடுகிறேன் என்றார். “கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த மேட்டில் ஒரு குழந்தைகூடத் தூங்கக்கூடாது” என்றார் துரை. கடைசியில் கட்டைகளைப் பிடுங்கிப் பள்ளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மங்கைப் பற்றிச் சொன்னேன், விரிசலைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பை ஊதினாள்.

“மல விழுமா? எப்ப விழுமாம்?”

“தெரியாதாம்க்கா.”

“கொசு எப்பக் கடிக்கும்னு எனக்குத் தெரியும்டா. பொழுது சாஞ்சாக் கடிக்கும்.”

பள்ளத்தில் லயம் கட்டினார்கள், கம்பி போட்டார்கள். காட்டை வெட்டினார்கள். வாய்க்காலைப் பாதி வெட்டினார்கள், மீதியை அடுத்த வருஷம் என்றார்கள். துரை மூன்று முறை போய்ச் சண்டை போட்டும் மீதி வெட்டப்படவில்லை. முதல் மழையிலேயே வீட்டுக்குள் ஈரம் ஏறியது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் செல்விக்குக் காய்ச்சல் கண்டது. ஊரடங்கு நேரம், கம்பிவாசல் பூட்டியாகிவிட்டது. மாமா காவல்காரனிடம் கெஞ்சியிருக்கிறார், காவல்காரன் மேலே கேட்க ஆள் அனுப்பியிருக்கிறான். வாசல் திறந்து, லோரி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பிள்ளை மாமாவின் தோளிலேயே போய்விட்டிருந்தாள்.

என் தொப்பியை அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் பிடுங்கியதில்லை.

துரையிடம் சொன்னேன். அன்றே ஜீப்பை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா முக்காலியை எடுத்துப் போட்டார், துரை உட்காரவில்லை. அக்கா வெளியே வரவில்லை. உள்ளே அவள் அழும் சத்தம் நின்று, துரை போகும்வரை ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. திரும்பும் வழியில் நான் ஆறுதலாக ஏதோ சொல்லப்போனேன், மேட்டில் இருந்திருந்தால் இன்னும் மோசம் ஆகியிருக்கும் என்று.

“அதை உன் அக்காவிடம் ஒருபோதும் சொல்லாதே” என்றார். “அது கணக்கு. பதில் இல்லை.”

நான் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பும் கிடைக்கவில்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போனால் சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், போதுமா என்றுகூடக் கேட்கமாட்டாள். மாமாதான் பேசுவார். பிள்ளைகள் என்னை மாமா மாமா என்று சுற்றி வருவார்கள். துரை கொஞ்ச காலத்தில் ஊருக்கே போய்விட்டார். போகுமுன் கடைசியாக ஒருமுறை அந்த வெட்டு வாய்க்கு ஏறிப்போய் விரிசலைப் பார்த்துவிட்டு வந்தார். அகன்றிருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை.

வருஷங்கள் போயின. மலை அப்படியே நின்றது. இலாகாவில் ஐஸ் மலைக் கதை அப்போதுதான் பிறந்தது. ஒரு வெள்ளைக்காரன் மிரண்டு, நல்ல இடத்தைக் கெடுத்து, ஜனங்களைச் சேற்றில் குடிவைத்தான் என்று தோட்டத்திலும் பேசினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கே ஒரு கட்டத்தில், விழுந்தால்தான் என்ன என்று அந்த மலைமேல் கோபம் வந்தது. அப்படி ஓர் ஆசை வரக்கூடாது. வந்தது.

வடக்கே இன்னும் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது, எங்கள் பக்கம் மட்டும் ஊரடங்கை எடுத்து, கம்பியை அவிழ்த்திருந்தார்கள். அந்த வருஷ மழைக்காலத்தில், காலை நேரத்தில், மலை இறங்கியது. மழை என்பதால் மரம் சீவ யாரும் போகவில்லை. இலாகா என்னைத்தான் பார்த்துவர அனுப்பியது.

பள்ளத்தாக்கின் வாயிலேயே ஜீப்பை நிறுத்தவேண்டியிருந்தது. மேடு இருந்த இடத்தில் சிவப்பாக, ஈரமாக, அதைவிடப் பெரிய ஒரு மேடு கிடந்தது. மலைப்பக்கம் தடித்து, ஓடைப்பக்கம் வால் நீண்டு, முதுகு வழித்துவிட்டது போல. பள்ளத்து லயங்களை அது தொடவில்லை. பழைய லாலானில் ஒரு தாள்கூட வெளியே தெரியவில்லை. வீட்டளவு உருண்டைகளில் ஒன்று, முன்பு நாங்கள் குழி தோண்டிய இடத்துக்கும் அப்பால் வந்து நின்றிருந்தது. பெண்கள் எந்த மூலையில் யார் வீடு என்று பேசிக்கொண்டு போன இடம் அது. எனக்கு வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை.

தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் வந்து ஓரமாக நின்றிருந்தார்கள். அக்கா முன்வரிசையில் நின்றிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீடு அந்தக் கல்லுகிட்ட வந்திருக்கும், இல்ல?” என்றாள். செல்வி போனபிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

“ஆமாக்கா.”

“ஆறு பேரும் போயிருப்போம்.”

“ஆமா.”

“தெரியுதுடா தம்பி. நல்லாத் தெரியுது” என்றாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா, அவ ஒருத்தி போயிட்டாளேடா.”